வாசர் இல்லாத கடிதம்

எத்தனை முறை துவைத்தாலும் அப்பாவின் சட்டையிலிருந்து புளித்த ரப்பர் பாலின் வாடை போகாது. ஜொகூரில் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த நாளில், அந்த வாடை வாசலுக்கு வந்தாலே அப்பா வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். தோட்டத்துப் பால் முழுதும் வந்து சேரும் "ஸ்டோர்" தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வெயில் படாத வேலை என்று அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

எனக்கும் ஒரு பெருமை இருந்தது. ஆறாம் வகுப்பிலேயே இங்கிலீஷ் எழுதுகிறவள் என்று லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் "காயிதம்" எழுத என்னைத்தான் தேடி வருவார்கள். ஒரு வாரம் டீச்சர், 'அப்போலஜைஸ்' என்றால் மன்னிப்புக் கேட்பது, கடைசியில் அமெரிக்கர்கள் போடும் செட் (Z) எழுத்து கூடாது, பிரிட்டிஷ் வழக்கப்படி எஸ்தான் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். பள்ளிக்கு வராத நாளுக்கு அவர் தந்த மாதிரிக் கடிதமும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது. எல்லாக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அதே வாரம் ஒரு காலையில் தொட்டிக் குழாய் ஒழுகி, அன்றைய பாலெல்லாம் கால்வாயில் போய்விட்டது. ஆபீசில் அப்பாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.

"இங்கிலீசுல எழுதினாத்தாம்மா மதிப்பாங்க. கொழாயில வாசர் தேஞ்சு போச்சு, மண்டோருகிட்ட மூனு தடவ சொல்லிட்டேன், அத நல்லா எழுது" என்றார் அப்பா.

நான் மன்னிப்பில் தொடங்கி, மறக்காமல் எஸ் போட்டு, பால் வீணானதை எழுதினேன். குழாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையமான அந்த வாசருக்கு இங்கிலீஷில் என்னவென்று மட்டும் தெரியவில்லை. அதுவே இங்கிலீஷ்தான் என்பது தெரியாமல், தோட்டத்துத் தமிழ் என்று நினைத்திருந்தேன். அப்பாவிடம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், வாசரையும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரையும், மூன்று தடவையையும் அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு மன்னிப்பைப் போட்டுத் தாளை நிரப்பினேன். அப்பா அடியில் தமிழில் கையெழுத்திட்டார்.

மறுநாள் பாராட்டுவார்கள் என்ற ஆசையில் நானும் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னய்யா, குத்தத்த நீயே ஒத்துக்கிட்ட? ரெண்டு எடத்துல மன்னிப்பு கேட்டிருக்க. வாசர் பேச்சே இல்லியே. புள்ள தப்பா எழுதிருச்சா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க கிராணி. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

அந்த வாரமே குழாய்க்குப் புது வாசர் போட்டார்கள். அப்பாவை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அன்று ஆபீசிலிருந்து திரும்பும்போது அவர், "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்குன்னு கிராணி சொன்னாரு லா" என்றார். கிராணி அப்படி எதுவும் சொல்லவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

பிறகு சட்டையில் பூச்சிமருந்து வாடைதான் வந்தது. சில வருடங்களில் இருமலும் வந்து, அவரை விட்டுப் போகவேயில்லை. குளுவாங் இரும்புக்கடையொன்றில் ஒரு டப்பாவின் மேல் வாசர் என்ற அந்தச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் படித்த நாளில், வாங்க வந்ததை வாங்காமல் அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

இன்று அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஸ்டோர் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. ஜொகூர் பாருவில் ஒரு ஆபீசில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுதும் மன்னிப்புக் கடிதம் அனுப்புவது என் வேலை. கணினி அந்த எஸ்ஸைத் தப்பு என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது, நான் மாற்றுவதில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அப்பாவிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் கடிதம் தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அவரோ கடைசிவரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க புள்ள ஆறாங் கிளாசுலயே ஆபீசுக்குக் காயிதம் எழுதினவ" என்றுதான் இருமலுக்கு நடுவே சொல்லிக்கொண்டிருந்தார்.