அண்ணாவின் இங்கிலீஷ் சரம சுலோகம்

பிரமோதூத வருஷம் கார்த்திகை மாதம் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடிவதற்குள் பால் வந்தது. மன்னி வாசல் தெளித்துக் கோலம் போட்டார். நான் அண்ணாவுக்கு முகம் துடைத்து, கஞ்சி கொடுத்து, தலையணையை ஜன்னல் பக்கம் மாற்றி வைத்துவிட்டுத் தாலுகா கச்சேரிக்குப் போனேன். மாலை திரும்பியபோது அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. விளக்கேற்றிய சிறிது நேரத்தில் பரமபதம் அடைந்தார். மாதக்கணக்கில் கண் விழித்து ஓய்ந்திருந்த எங்களுக்கு அன்று வாய்விட்டு அழக்கூடத் தெம்பில்லை.

அண்ணா பிறந்தது மாகறலில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். வளர்ந்தது சின்ன காஞ்சிபுரத்தில். அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம், வருமானம் சொற்பம். அவர் சீக்கிரமே காலமானதால், சென்னையில் பி.ஏ. முடித்த அண்ணா மேலே படிக்காமல் ஊர் திரும்பி ஹைஸ்கூலில் இங்கிலீஷ் உபாத்தியாயரானார். என்னைப் படிக்கவைத்ததும் கலியாணம் செய்து வைத்ததும் அவரே. தமக்குக் குழந்தை இல்லாத குறையை ஒரு நாளும் சொன்னதில்லை.

இங்கிலீஷ் கவிதைதான் அவருக்கு உயிர். வாலிபத்தில் பனி பெய்வதைப் பற்றி எழுதியதைச் சென்னை வாரப் பத்திரிகை ஒன்று பிரசுரித்தது. அடுத்து, கோடையில் பாலாற்று மணலில் நடந்து மாகறல் போவதைப் பற்றி எழுதி அனுப்பினார், திரும்பி வந்தது. “பனியை நான் கண்ணால பார்த்ததில்லை. மணல்ல கால் பொசுங்கியிருக்கு. இனிமே பார்த்ததைத்தான் எழுதுவேன்” என்றார். அதன் பின் அவர் எழுதியவற்றில் கலியாண வாழ்த்துகள் மட்டுமே அச்சேறின.

பட்டு நெசவுக்காரர் ஒருவர் அப்படியொரு வாழ்த்துக் கேட்டு வந்தது நினைவிருக்கிறது.

“பொண்ணு கல்யாணத்துக்கு இங்கிலீசுல நாலு அடி போட்டுக் குடுங்க சாமி. பந்தல்ல ஒட்டி வச்சா கவுரதையா இருக்குது.”

“உங்க வீட்ல யாருக்கும் இங்கிலீஷ் தெரியாதே?”

“அதான் சாமி நல்லது. தெரிஞ்சவங்க இருந்தா தப்பு கண்டுபிடிச்சிக்கினே சாப்புட மறந்துடுவாங்க!”

அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்த நாலு அடிக்கு ஒரு வாரம் உழைத்தார்.

எங்கள் குடும்பங்களில், காலமானவரின் சிறப்பையும் காலமான நாள் நட்சத்திரத்தையும் சொல்லும் சரம சுலோகத்தைப் பதின்மூன்றாம் நாள் சபையில் வாசிப்பது வழக்கம். வித்வான்கள் சம்ஸ்கிருதத்தில் இயற்றித் தருவார்கள். படுக்கையில் விழுந்த பிறகு அண்ணா தமக்குரியதைத் தாமே இங்கிலீஷில் எழுதி என்னிடம் கொடுத்தார்.

“சம்ஸ்கிருதத்துல எழுதினா என்னை ஞானக்கடல்னு சொல்லிடுவா. அந்தப் பொய் வேண்டாம்டா. இதையே வாசி. வேற ஒண்ணும் கேக்கலை.”

நான் சரி என்றேன்.

அண்ணா காலமானபின், கோயில் கோஷ்டியில் பாசுரம் சேவிக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது.

“பெருமாள் தீர்த்தம் சாதிக்கிற இடத்துல இங்கிலீஷாடா? கோஷ்டி எழுந்து போயிடும். நானும் போயிடுவேன்.”

“அவர் கேட்டது இது ஒண்ணுதான், சித்தப்பா.”

“அவன் கேப்பான். சின்ன வயசுலேர்ந்து கேட்டுண்டேதான் இருந்தான். மத்தவா சம்மதிக்க வேண்டாமா?”

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மன்னி வெளியே வந்தார். தன் கணவர் முணுமுணுத்த அடிகளை அர்த்தம் தெரியாமலே வாழ்நாளெல்லாம் கேட்டவர். “கோஷ்டி எழுந்து போனா அவருக்குத்தான் குறை. விட்டுடு” என்றார். எனக்கும் வாதாட வலுவில்லை.

கார்த்திகை இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா இயற்றிய சம்ஸ்கிருத சுலோகமே வாசிக்கப்பட்டது. அதில் அண்ணா ஞானக்கடல் என்றே இருந்தது. இங்கிலீஷ் என்ற பேச்சே இல்லை. அண்ணா எழுதிய காகிதம் என் இடுப்பு மடியிலேயே இருந்தது. கூட்டம் கலைந்து, பந்தி முடிந்து, இலைகளை எடுத்தபின் மன்னி போய்ப் படுத்துவிட்டார்.

முதலாண்டுத் திதியில் இந்த நினைவு மலரைப் பெறும் பெரியோர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நமஸ்காரம். பணம் வாங்க மறுத்து முசரவாக்கத்திலிருந்து தினமும் வந்துபோன வைத்தியருக்கும், கடைசி மாதத்தில் அண்ணாவை மாறி மாறித் தூக்கி உட்காரவைத்த மாணவர்களுக்கும், ஈமக்காரியங்களில் துணை நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். சித்தப்பாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரணம் இதுதான்.

சபையில் சுலோகம் வாசித்த மறுநாள், திங்கட்கிழமை. பால் வருவதற்கு முன்பே வாசற்கதவு தட்டப்பட்டது. திறந்தேன். சித்தப்பா நெற்றியில் திருமண் இல்லாமல் நின்றிருந்தார்.

“இன்னும் குளிக்கலைடா. அதுக்குத்தான் இப்பவே வந்தேன். படி. கேட்டுட்டுப் போய் ஸ்நானம் பண்ணிக்கறேன்.”

மன்னி எழுந்து வந்து கதவோரம் நின்றார். நான் படித்தேன். ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

“ஏன் நிறுத்தினே?”

“காலமான நட்சத்திரம் வரணும், சித்தப்பா. அண்ணா இடம் விட்டு வச்சிருக்கார்.”

சித்தப்பா காகிதத்தை வாங்கி, தமக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

“திருவோணம்” என்றார். காகிதத்தை என்னிடம் நீட்டினார். “எழுதுடா. எழுதிட்டு மொதல்லேர்ந்து படி.”