கேட்டருகே எரிந்த டின்

வடக்கே, தலைநகரின் மயூர் விஹாரில் நாங்கள் குடியிருந்த காலனிக்கு ஒரே கேட். அங்கே ராத்திரிக் காவலுக்கு இருந்த சௌகிதார் பீகார்க்காரர், வயசானவர். மெட்ரோ வராத காலம் அது. மார்கழி பிறந்தால் பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாது. அவர் பழைய எண்ணெய் டின்னில் நெருப்பு மூட்டி, விடியும்வரை அணையாமல் காப்பார்.

அது குளிருக்கு மட்டும் இல்லை. எங்கள் சொசைட்டி செக்ரட்டரிக்குத் தூக்கம் கலைந்தால் மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்ப்பார். கேட்டருகே சிவப்பாகத் தெரிந்தால் ஆள் முழித்திருக்கிறான். தெரியாவிட்டால் தூங்கிவிட்டான், அன்றைய கூலி கிடையாது. ஆனால் விறகு மட்டும் சொசைட்டி கொடுக்காது.

காலனி மூலையில் ஓர் அரசமரம். பழசான சாமி படங்களைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது, அதன் அடியில்தான் கொண்டுபோய் வைப்போம். கண்ணாடி உடைந்த எங்கள் முருகன் படத்தையும் சூடம் காட்டி, மன்னிச்சுக்கோப்பா என்று சொல்லி, அங்கேதான் வைத்தேன்.

பொங்கல் நெருங்கும்போது ஒருநாள் காலையில் கேட்டருகே கூட்டம். செக்ரட்டரி கையில் தங்கப் பூச்சோடு, பாதி கருகிய படச்சட்டம். கிழவர் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"பகவானைக் கொளுத்திக் குளிர் காயறியாடா?"

"இல்ல சாப், கட்டையை மட்டும்தான் கழட்டினேன். படமெல்லாம் மரத்தடியிலயே இருக்கு."

போய்ப் பார்த்தேன். நிஜம்தான். படங்களை அடுக்கி, காற்றில் பறக்காமல் மேலே செங்கல் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, சட்டம் கழன்ற எங்கள் முருகன். முகத்தில் படாமல், ஓரமாகத்தான் செங்கல் இருந்தது.

திரும்பி வந்து செக்ரட்டரியிடம் சொன்னேன்: "சாப், அது எங்க வீட்டுப் படம். எனக்கு ஒரு குறையும் இல்ல. அவரை விட்டுடுங்க."

"மதராஸிக்கு ரோஷமே வராதா? இட்லி தின்னு தின்னு ரத்தமும் புளிச்சுப்போச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கிழவரை அரசமரத்துக்கு முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார்கள். பிள்ளையார் முன்னால் நாம் ஆசையோடு போடுகிற தோப்புக்கரணம். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் "ஜல்தி, ஜல்தி" என்று கை தட்டின. முட்டி மடங்கி அவர் விழுந்தபோது சிரிப்பு இன்னும் அதிகமானது. ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை டின்னில் ஊற்றி, "கிளம்பு" என்றார்.

போகும்போது கிழவர் என்னைத்தான் கேட்டார். "பாபுஜி, நெருப்பு இல்லாட்டி தூங்கிட்டேங்கறாங்க. கட்டைக்கு நான் எங்க போவேன்?"

படுக்கைச் சுருட்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டார். உட்காருகிற மர ஸ்டூலை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முருகனை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். "ஏங்க, கொண்டுபோய் விட்ட சாமியைத் திரும்ப வைக்கலாமா?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே விளக்கை ஏற்றிவிட்டாள்.

அன்று சாயங்காலமே புது ஆள் வந்தான். டின்னில் நெருப்பு நன்றாக எரிந்தது. பால்கனியிலிருந்து செக்ரட்டரி "அச்சா!" என்றார். பால் வாங்கிக்கொண்டு திரும்பியவன் கிட்டே போய்ப் பார்த்தேன். அவனுக்கும் யாரும் விறகு கொடுத்திருக்கவில்லை. எரிந்துகொண்டிருந்தது ஸ்டூல்.

மறுநாள் காலையில் கிழவர் அதைத் தேடி வந்தார். சாம்பலைப் பார்த்தார். டின்னில் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது போல. இரண்டு கையையும் அதன்மேல் கொஞ்ச நேரம் நீட்டி வைத்திருந்துவிட்டுப் போனார்.