காய்ச்சல் விட்ட மறுநாள்

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கடற்கரை. முந்தின மாரியில் எனக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. மருந்துச்சாலையில் தந்த குளிசைகளைப் போட்டதும் இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. இருமல் மட்டும் இருந்தது.

அப்போது என் அக்கா எட்டு மாதக் கர்ப்பிணி. மறுநாள் அவருக்குச் சமைத்துக் கொடுக்கப் போனேன்.

"காய்ச்சல் மாறீட்டுதோ?" என்று வாசலிலேயே அத்தான் கேட்டார்.

"ஓம் அத்தான், நேற்றே விட்டிட்டுது."

நான் அப்படித்தான் நம்பினேன். இரண்டு நாள் அக்காவுடனேயே இருந்து, தலை வாரிவிட்டு, சோறும் குழைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. மத்தியானத்துக்குள் மூச்சு வாங்கத் தொடங்கியது. மீன் ஏற்றும் லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"வீட்டில வேற ஆருக்கும் காய்ச்சல் இருந்ததோ?" என்று டொக்டர் கேட்டார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் ஐயா. குளிசையோட விட்டிட்டுது."

"பிள்ளை, அந்தக் குளிசை காய்ச்சலைத்தான் தணிக்கும். கிருமி ஒரு கிழமை வரைக்கும் இருமலோட வெளியில வரும்."

எட்டு நாள் கழித்துத்தான் அக்கா எழுந்து உட்கார்ந்தார். பிறகு பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அத்தான் என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது காய்ச்சல் விட்டாலும் ஒரு கிழமைக்கு நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. போன மாதம் அக்கா மகளின் முதலாவது பிறந்தநாள். அப்போதும் எனக்கு ஒரு காய்ச்சல் வந்து, அது விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. தைத்து வைத்த சட்டையைக் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த கிழமை, இருமலும் நின்ற பிறகுதான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன்.