நாகம்மை கட்டிய குவிமாடம்

கொட்டாரம் ஊரில் பதினாறு வருடம் சித்தாளாக மண்ணும் செங்கல்லும் சுமந்தவள் நாகம்மை. சாண கேஸ் தொட்டி கட்டுவதில் பேர்போன குமாரதாஸ் கொத்தனாரிடம் வேலை. அவருக்கு எப்போது கலவை வேண்டும், எப்போது கல் வேண்டும் என்பது கேட்காமலே அவளுக்குத் தெரியும். ஆனால் கலவை பூசும் கரண்டியை மட்டும் யாரும் அவள் கையில் கொடுத்ததில்லை.

அதே ஊர் சபிதா வீட்டில் இரண்டு மாடு. சிலிண்டரை நம்பி அடுப்பெரித்தது போதுமென்று தொழுவத்துக்குப் பக்கத்தில் தொட்டி கட்டச் சொன்னாள். குழிக்குள் தொட்டியின் செங்கல் குவிமாடம் பாதி எழும்பியிருந்தபோது குமாரதாஸ் ஏணியில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. மேலே மழை கறுத்துக்கொண்டு வந்தது. அப்படியே விட்டால் குழி சரிந்து எல்லாம் பாழ்.

வேறு ஆள் தேடலாம் என்றான் சபிதாவின் கணவன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து குமாரதாஸ் போனில் சொன்னார்: "வேற ஆளு எதுக்கு? நாகம்மைக்கு எல்லாம் தெரியும்."

சபிதா திரும்பிப் பார்த்தாள். "ஏட்டி, ஒன்னால முடியுமா?"

"தெரியும் அக்கா. ஆனா தனியா கெட்டுனதில்ல."

"அப்போ இண்ணைக்குக் கெட்டு. நான் கல்லு எடுத்துத் தாறேன்."

வீட்டுக்காரி சித்தாளானாள். நடுவில் நட்ட கம்பியில் கயிறு கட்டி, வளைவு பிசகாமல் வரிசை வரிசையாக அடுக்கினாள் நாகம்மை. மூன்றாம் நாள் உச்சியில் குழாயைப் பதித்து மூடினாள். கழிவு வெளியேறும் பக்கவாய் வழியாக உள்ளே இறங்கி மூன்று முறை சிமெண்ட் பூசினாள்.

சாணம் கரைத்து ஊற்றி இருபது நாளாயிற்று. அடுப்பைத் திருகினால் புஸ்ஸென்று காற்று வந்தது, தீ பிடிக்கவில்லை. சபிதாவின் கணவன் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டான். நாகம்மையின் முகம் செத்துப்போயிற்று. குமாரதாஸுக்குப் போன் போட்டாள்.

"மொத கேஸ்ல காத்து கலந்திருக்கும், எரியாது பிள்ளே. முழுசும் தொறந்து விடு. பொறவு பாரு."

திறந்துவிட்ட ஐந்தாம் நாள் அடுப்பு நீலமாகப் பற்றிக்கொண்டது. சபிதா அதில் போட்ட முதல் சாயாவை நாகம்மையிடம் நீட்டிவிட்டு, மண்டைக்காட்டிலிருக்கும் தங்கையைப் போனில் அழைத்தாள். "ஒனக்கும் தொட்டி கெட்டணும்னியே? இங்க ஒரு கொத்தனார் உண்டு. பேரு நாகம்மை."

நாகம்மை அந்த நீலத் தீயைப் பார்த்தபடியே சாயாவைக் குடித்தாள்.

இப்போது அவள் கட்டிய தொட்டிகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. கால் தேறிய குமாரதாஸ், பெரிய தொட்டியென்றால் அவளையும் கொத்தனாராகவே கூட்டிப் போகிறார். இந்த வேலையை எங்கே படித்தாய் என்று கேட்பவர்களிடம் அவள் குமாரதாஸையும் சபிதாவையும்தான் சொல்கிறாள். "அவிய நம்புனாவ. பொறவுதான் நான் என்னையே நம்புனேன்."