வழுக்குவீரன் தொங்கிய பாறை

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ரத்தினத்துக்கு மலைபோல உடம்பு, அதற்கேற்ற தொந்தி. ஐம்பத்தேழாம் வருஷச் சாரலில் அவரிடம் தேய்த்துக்கொள்ள வந்தார், தென்காசியில் விளம்பரப் பலகை எழுதும் தாணுமாலயன். தேய்த்து முடிக்கிறவரை அந்தத் தொந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளில் அவர் வரைந்த ‘வழுக்குவீரன்’ என்றொரு படக்கதைப் புத்தகம் வந்தது. அட்டையில் சாட்சாத் ரத்தினம். முதுகில் போர்வை, கால்சட்டைக்கு மேலே கோவணம்.

உடம்பெல்லாம் எண்ணெய் என்பதால் வழுக்குவீரனை எந்தத் திருடனாலும் பிடிக்க முடியாது. அவனாலும் எந்தத் திருடனையும் பிடிக்க முடியாது. ஊரே சிரித்தது. ரத்தினத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையைப் பார்த்ததே போதுமென்று உதைக்கக் கிளம்பினார். தாணுமாலயன் கடையத்தில் மச்சினன் வீட்டில் போய் ஒளிந்துகொண்டார்.

புத்தகம் விலை போகவில்லை. இரண்டாவது இதழும் வரவில்லை. கோபமும் ஆறிப்போயிற்று.

அறுபத்தாறில், சீசனுக்கு வந்த மதுரை வக்கீல் ஒருவர் பழைய பிரதியொன்றை நீட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் படித்துப் படித்துச் சிரிப்பார்களாம். போகும்போது அதை ரத்தினத்திடமே கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மனைவி உலகம்மை வாசித்துக் காட்டினாள். திருடனைக் கட்டிப்பிடிக்கப் போன வழுக்குவீரன், பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிக் குவியலுக்குள் சறுக்கி விழுந்த இடத்தில் ரத்தினத்தின் தொந்தி குலுங்கியது. கடைசிப் பக்கத்தில் அவன் அருவிப் பாறையில் ஒற்றைக் கையால் தொங்கினான். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருந்தது.

பிறகு என்ன ஆச்சு என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தென்காசியில் ரத்தினத்தைக் கண்டதும், ஏணியில் நின்று பலகை எழுதிக்கொண்டிருந்த தாணுமாலயன் அதன் உச்சிக்கே ஏறிவிட்டார். ரத்தினம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இத்தன வருசமா என்னைய அங்கன தொங்கவிட்டுட்டு நீரு சோறு திங்கீராக்கும்? தூக்கிவிடும் வே.”

தானும் யோசித்து யோசித்துப் பார்த்ததாகத் தாணுமாலயன் சொன்னார். எண்ணெய்க் கை, யார் பிடித்தாலும் நழுவும். வழி தெரியாமல்தான் அடுத்த இதழ் நின்றுபோயிற்றாம்.

ரத்தினம் வாடிப்போய் வீடு வந்து சொன்னார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த உலகம்மை நிமிரவில்லை.

“சீயக்காயப் போடச் சொல்லுங்க. எண்ணெ போயிரும், பிடி கெடைக்கும்.”

தாணுமாலயன் ஒரு பலகையில் அதை வரைந்து, ரத்தினம் தொழில் செய்யும் இடத்திலேயே மாட்டினார். பாறைமேல் உலகம்மை ஒரு கையால் சீயக்காய்ப் பொடியை வீசி, மறுகையால் வழுக்குவீரனின் தலைமுடியைப் பற்றி மேலே இழுத்தாள். அந்தச் சீசனில் தேய்த்துக்கொள்ள வந்தவர்களைவிடப் பலகை பார்க்க வந்தவர்கள் அதிகம்.

உலகம்மைக்குத்தான் ஆறவில்லை. தன் மூக்கைக் கத்தரிக்காய் மாதிரி வரைந்துவிட்டாரென்று தை பிறக்கிறவரை தாணுமாலயனோடு அவள் பேசவே இல்லை.