சின்னண்ணன் பண்ணைக்கு ஒரு கொட்டேஷன்

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண்ணின் சிரிப்பு, பின்னாலேயே தீனதயாளனின் சிரிப்பு. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அறிவுச்செல்வியின் கை நின்றது. கணவர் இப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று!

"செல்வி, இங்க வந்து பாரு! யுவஸ்ரீ எழுதுன கொட்டேஷனைப் பாரு. படம் என்ன, கலர் என்ன! இத்தன வருசமா நாம எழுதுனதெல்லாம் ஒரு எழுத்தான்னு இருக்குது!"

நாம் என்று பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எழுதியவள் அவள் ஒருத்திதானே!

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் அறிவுச்செல்வி. கட்டிக்கொண்டு சேலம் வந்தபோது தீனதயாளன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். கைவேலையில் கெட்டிக்காரர். பேனாவைக் கண்டால்தான் வியர்த்துவிடும். ஒரு ஜவுளிக்கடையில் ஏசி போட விலை எழுதிக் கேட்டார்கள். எழுதும் வேலை அவளிடம் வந்தது. அவளுக்கோ ஏசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நேரே கடைக்காரரிடம் போய், "ஏசி போடறதுல உங்களுக்கு எதுங்க பயம்?" என்று கேட்டாள்.

"தண்ணி ஒழுகிப் பட்டுச்சேலை பாழாப் போயிருமோன்னுதாம்மா பயம்."

சேலை அடுக்கிய பக்கமே குழாய் வராது என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள். விலை அதற்குப் பிறகுதான். வேலை கிடைத்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், நாமக்கல் பக்கத்துப் பள்ளி விடுதிக்கு வெந்நீர் என்று வரிசையாக வந்தன. ஃபேர்லேண்ட்ஸில் சொந்த வீடும், அதன் முன்னறையில் ஆபீசும் அந்த முதல் பக்கங்கள் கொடுத்தவை. பிள்ளை பிறக்காத வீட்டில் அவளுக்கு அவைதான் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகளைத்தான் இப்போது இன்னொருத்தி கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார் கணவர். யுவஸ்ரீ இன்ஜினியரிங் முடித்துச் சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தவள். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வருவாள். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நாமக்கல்லை அடுத்த ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் சின்னண்ணன் புதிதாக இரண்டு ஷெட் கட்டுகிறார். ஒன்றில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க வேண்டும், மற்றொன்றில் முட்டைக்கோழிகளுக்குக் குளிர்ச்சி வேண்டும். இந்த வேலை அமைந்தால் சுற்றுவட்டாரப் பண்ணைகளெல்லாம் தேடி வரும். அதற்கான கொட்டேஷன்தான் அது.

"நீங்க ஒருவாட்டி படிச்சுச் செரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன், அக்கா" என்று காகிதங்களை அவள் கையில் வைத்தாள் யுவஸ்ரீ.

அறிவுச்செல்வி குற்றம் தேடியே படித்தாள். கணக்கு சரி. மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பதும் தெளிவாக இருந்தது. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது.

'எங்கள் சர்வீஸ் ஆட்கள் தினமும் பல பண்ணைகளுக்குப் போய்வருகிறார்கள். நீங்கள் அழைத்தால் பக்கத்துப் பண்ணையிலிருந்து நேராக உங்கள் ஷெட்டுக்கே வந்துவிடுவார்கள்.'

ஜவுளிக்கடைக்காரர் இதைப் படித்தால் மகிழ்ந்துபோவார். கோழிப்பண்ணைக்காரர் பேய்க்குக்கூடப் பயப்பட மாட்டார், இன்னொரு பண்ணையை மிதித்துவிட்டு வந்த செருப்புக்குப் பயப்படுவார். சீக்கு செருப்பிலும் வரும், சட்டையிலும் வரும். ஒரே இரவில் ஷெட் காலியாகும். சின்னண்ணன் சொந்த மாப்பிள்ளையையே குளித்து உடை மாற்றாமல் உள்ளே விடாதவர். கோழிப்பண்ணைகள் சூழ்ந்த ராசிபுரத்தில் வளர்ந்தவளுக்குத் தெரிந்தது சேலத்துப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? தீனதயாளனோ படங்களைப் பார்த்தாரே தவிர வரிகளைப் படிக்கவில்லை.

ஒரு கோடு போட்டால் போதும். பேனாவும் கையில்தான் இருந்தது.

"என்ன அக்கா, ஏதாச்சும் தப்பா?"

"எல்லாஞ் செரியாத்தான் இருக்குது. அனுப்பு."

நாக்கு சொல்லிவிட்டது. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அடுத்த வாரம் சின்னண்ணன் தாமே வந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை.

"ஏனுங்க தீனதயாளன், நாலு பண்ணையச் சுத்துன காலோட என்ற ஷெட்டுக்குள்ள வருவாங்களாமா? எழுதி வேற குடுத்திருக்கறீங்க! கோழிக்குக் காத்து வேணும்னு கேட்டா, கருமாதிக்கே ஏற்பாடு பண்றீங்களே!"

தீனதயாளன் மனைவி பக்கம் திரும்பினார். "செல்வி, நீ படிச்ச பொறகுதான போச்சு?"

அவள் உதடு பிரிவதற்குள் யுவஸ்ரீ எழுந்தாள். "தப்பு என்னோடதுங்க ஐயா. அக்கா படிக்கறதுக்குள்ள நானே அவசரப்பட்டு அனுப்பிட்டேன்."

அக்கா கவனிக்காமல் விட்டுவிட்டாள் என்று நினைத்து, அக்காவின் பெயரைக் காப்பாற்ற அந்தப் பெண் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்! அறிவுச்செல்விக்குக் காது மடல் எரிந்தது. படிப்பும் இளமையும் தந்தாய், கடவுளே, இந்த நல்ல மனசையும் அவளுக்கேதான் தர வேண்டுமா?

"உங்க பண்ணைக்குன்னே தனியா ஆள் போட்டர்றமுங்க. குளிச்சு, நீங்க குடுக்கற துணியப் போட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க" என்றாள் அறிவுச்செல்வி அவசரமாக.

"நேத்தே வேற ஆளுக்கு ஒத்துக்கிட்டனுங்க. பழகுன மொகத்துக்கு நேர்ல சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

வாசல் வரை அவரோடு போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மிணி, என்ற ஊட்டுக்கு ஏசி போட நீங்க எழுதுனது இன்னும் நெனப்பிருக்குது. இது உங்க கண்ணுக்குத் தப்பியிருக்காதுங்களே?"

அவள் அவர் செருப்பையே பார்த்தாள். அவர் உள்ளே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை ஒருமுறை பார்த்தார்.

"செரிங்க. வாரனுங்க."

கார் கிளம்பிப் போயிற்று. "அழுவாத சாமி, நீ என்ன, வேணும்னேவா பண்ணுன?" என்று முன்னறையில் தீனதயாளன் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் இருந்த கனிவைக் கேட்டபடியே அறிவுச்செல்வி கதவைச் சாத்தினாள்.