புதன்கிழமை மூன்று மணி

எங்கள் பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர்கள் எல்லோருக்கும் கணினியில் ஒரே நாட்காட்டி. யார் எப்போது எங்கே இருக்கிறார் என்று யாரும் பார்க்கலாம். என் புதன்கிழமை மூன்று மணிக்கு நேராக ‘நிறுவன வருகை’ என்று போட்டிருந்தேன். மாணவர்கள் பயிற்சி செய்யும் நிறுவனங்களுக்கு நாங்கள் போய்ப் பார்க்க வேண்டும். அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அது பொய். அந்த நேரத்தில் நான் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில், மகனின் பேச்சுப் பயிற்சி அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு நான்கு வயது. மூன்று சொற்களைச் சேர்த்துப் பேச இன்னும் வரவில்லை. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இடம். இரண்டு முறை தவறினால் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சலால் ஒன்று ஏற்கெனவே தவறியிருந்தது.

முதலில் உண்மையைத்தான் எழுதினேன். ஒரே மாதத்தில் அதன்மேல் மூன்று கூட்டங்கள் வைத்தார்கள்; ஏதேதோ சாக்குச் சொல்லித் தப்பினேன். ‘நிறுவன வருகை’ என்று மாற்றிய பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. விட்ட நேரத்து வேலையைச் சனிக்கிழமைகளில் செய்துகொடுத்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

துறைத்தலைவியும் தமிழர்தான், என்னைவிட மூத்தவர். தனியாக இருக்கும்போது அக்கா என்பேன். ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

“மகளிர் தினத்துக்கு ஒரு பேனல் வைக்கிறோம். வொர்க் லைஃப் பேலன்ஸ். நீ பேசுறே. அடுத்த புதன், மூணு மணி.”

“புதன் முடியாதுக்கா.”

“கம்பெனி விசிட்தானே? மாத்திக்கோ லா. கம்பெனி எங்கயும் ஓடிடாது.”

“கம்பெனி இல்லக்கா. பையனோட தெரப்பி. இன்னொண்ணு மிஸ் ஆச்சுன்னா இடம் போயிடும்.”

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எத்தனை மாசமா?”

“அஞ்சு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“காலண்டர்ல எழுதியிருந்தேன். அதுமேல மொத மீட்டிங் வச்சது நீங்கதான்.”

அவர் முகம் சிவந்தது. “என் பொண்ணு பொறந்து ரெண்டே மாசத்துல கிளாஸ் எடுக்க வந்தேன். நான் யார்கிட்டயாவது எதாச்சும் கேட்டேனா?”

“கேட்டிருக்கணும்க்கா. நீங்க கேக்கல, அதான் நான் பொய் எழுதிக்கிட்டு இருக்கேன்.”

அவர், “இதையே மேடையில சொல்லேன். நல்லா இருக்கும்” என்றார். கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

“மேடை மூணு மணிக்குக்கா.”

எழுந்து போய்விட்டார். அந்தப் புதன் நான் மகனோடு போனேன். மேடையில் என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ஆண்டு இறுதி மதிப்பீட்டில் என் தரம் ஒரு படி இறங்கியது. துறைத்தலைவியிடம் காரணம் கேட்டேன். நாட்காட்டியில் தவறான பதிவு என்றார். அதில் தப்பில்லை. மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பதிவை எழுத வைத்த கூட்டங்களைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

இப்போது ‘மகனின் பேச்சுப் பயிற்சி’ என்றே போட்டிருக்கிறேன். அதன்மேல் கூட்டம் வைக்கிறார்கள். வர முடியாது என்று பதில் அனுப்புகிறேன். காரணம் எழுதுவதில்லை. இந்த மாதம் இரண்டு அனுப்பியாயிற்று.